‘அம்பாசிடர் டீசல்’னா எந்த டீசல்?

இந்த வாரம் சின்ன வெங்காயமும் இல்லை, மக்காச்சோளத்துப் படைப்புழுவும் இல்லை. காரைப் பத்தி எழுதுறேன். அம்பாசிடர் கார். அதுல இருக்கிற ஒரு கையகல இரும்புச் சாமான், வாட்டர் பம்ப். "இன்னுமா அந்த வண்டியை வெச்சிருக்கீங்க?"ன்னு சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சுட்டு வாங்க. சண்டை உங்களோடயும்தான்.

சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கிற எங்க வீட்டுப் பிள்ளைங்க, இதைப் படிக்கிற நகரத்து நண்பர்கள் எல்லாரும் சொல்றது ஒண்ணேதான். "பெரியப்பா, அதுக்கெல்லாம் ஸ்பேர் வராது. எடைக்குப் போட்டுட்டு ஒரு பழைய ஆல்டோ வாங்கிடுங்க." நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா விசயம் அது இல்லை. ஸ்பேர் வருது. இன்னிக்கும் புதுப் பெட்டியில, எண்ணெய் பூசி, பாலித்தீன் சுத்தி வருது. எந்தப் பெட்டியில இருக்கிறது என் இன்ஜினுக்கு உள்ளதுன்னு சொல்ற ஆள் இல்லை, அதைப் பெட்டி மேல அச்சடிக்கிற வழக்கமும் இல்லை. குறை அங்க இருக்கு. அதை மறைக்கத்தான் ‘வண்டி பழசாயிடுச்சு’ன்னு பழியைத் தூக்கி வண்டி மேல போடுறாங்க.

மூணு ஏக்கர் புன்செய் வெச்சிருக்கிறவனுக்குக் கார் எதுக்குன்னு கேப்பீங்க. புதுக் கார் வாங்க எனக்கு வக்கில்லை, அதனாலதான் பழைய கார். வேலையில இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர்கிட்ட டிராக்டர் டயர் ரெண்டு வாங்குற காசுக்கு வாங்கினது. டிக்கியில விதை வெங்காய மூட்டை போகும். பின் சீட்டுல நாலு பேர், முன்னாடி ரெண்டு பேர், மடியில குழந்தைங்க, திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போகும். ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க தெருவுல ஒரு பொண்ணுக்கு வலி எடுத்தா, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள பெரம்பலூர் பெரியாஸ்பத்திரி வாசல்ல கொண்டு போய் நிறுத்தும். அதுக்கு ஒரு வாட்டர் பம்ப் கிடைக்கலைன்னு வண்டியையே எடைக்குப் போடணும்னா, செருப்பு வார் அறுந்ததுக்குக் காலை வெட்டிக்கிற மாதிரி இருக்கு.

முதல்ல அந்தப் பம்பு என்ன பண்ணுதுன்னு சொல்லிடுறேன். எங்க ஊர்ல வாட்டர் பம்ப்னா கிணத்து மோட்டார்தான். காருக்குள்ள இருக்கிறதும் அதே சாதிதான், தம்பி மாதிரி. இன்ஜின் முகத்துல போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். ஃபேன் பெல்ட் ஓட, கப்பி சுத்த, தண்டு சுத்த, உள்ள இருக்கிற இறக்கைச் சக்கரம் சுத்தும். அது ரேடியேட்டர்ல ஆறின தண்ணியை இன்ஜினுக்குள்ள தள்ளிவிடும், சூடான தண்ணி திரும்ப ரேடியேட்டருக்கு வரும். தண்டு ஆடாம இருக்க பேரிங். தண்ணி பேரிங் பக்கம் வராம இருக்க ஒரு சீல். அந்த சீல் தேஞ்சா, பம்பு வயித்துக்கு அடியில இருக்கிற சின்னத் துளை வழியா சொட்டுச் சொட்டா ஒழுகும். அந்தத் துளை தானா விழுந்த ஓட்டை இல்லை. ‘எனக்கு சீல் போச்சு’ன்னு பம்பு நமக்குச் சொல்றதுக்காகவே வெச்சது. எங்க பக்கத்துல சில மெக்கானிக்குங்க அதுல எம்-சீல் வெச்சு அடைச்சு விட்டுடுவாங்க. ஒழுகல் நின்னுடும். தண்ணி வெளிய வர வழியில்லாம பேரிங்குக்குப் போகும். கொஞ்ச நாள்ல பேரிங் கத்தும், தண்டு ஆடும், அதோட பூட்டியிருக்கிற ஃபேன் ரேடியேட்டரைக் கிழிக்கும். ஒரு சீலுக்குப் பார்த்த கஞ்சத்தனம் ரேடியேட்டர்ல போய் முடியும்.

இப்ப நம்ம விசயத்துக்கு வர்றேன். அம்பாசிடர்ங்கிறது ஒரே வண்டின்னு எல்லாரும் நினைக்கிறாங்க. வெளித்தோற்றம் அப்படி. இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாம் வரிசை வண்டியோட அச்சு அது. கல்கத்தா பக்கத்துல உத்தர்பாரா தொழிற்சாலையில ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களோட கடைசியில ஆரம்பிச்சு 2014 மே மாசம் வரைக்கும் செஞ்சது. முன்னாடி கிரில்லும் விளக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாறுச்சே தவிர, உடம்பு அதேதான். ஆனா பானெட்டைத் தூக்கினா கதை வேற. ஆரம்பத்துல பக்கவாட்டு வால்வு இன்ஜின். அப்புறம் பி.எம்.சி. கம்பெனியோட பி வரிசை 1489 சி.சி. பெட்ரோல். அதே 1489 சி.சி.யில டீசல். தொண்ணூறுகள்ல ஜப்பான் இசுசு கம்பெனியோட 1.8 லிட்டர் பெட்ரோல், பிறகு இசுசு 2 லிட்டர் டீசல். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, பழைய 1489 டீசல் வண்டியும் இசுசு டீசல் வண்டியும் ஒரே காலத்துல வித்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டும் அம்பாசிடர், ரெண்டும் டீசல். ஒண்ணு இங்கிலாந்து ரத்தம், இன்னொண்ணு ஜப்பான் ரத்தம். பம்பு எப்படி ஒண்ணா இருக்கும்?

கம்பெனி போட்டது போக நம்ம ஆளுங்க போட்டது தனி. பெட்ரோல் விலை ஏறின காலத்துல அம்பாசிடருக்குள்ள மெட்டடார் வேன் டீசல் இன்ஜினை இறக்கினவங்க தமிழ்நாட்டுல கொஞ்ச நஞ்சம் இல்லை. அந்த வண்டி கைமாறி கைமாறி நாலாவது ஆள்கிட்ட வரும்போது, ஆர்.சி. புத்தகத்துல ஒண்ணு, பானெட்டுக்குள்ள ஒண்ணு. அவர் கடையில போய் "அம்பாசிடருக்கு வாட்டர் பம்ப் குடுங்க"ன்னு கேட்டா, கடவுளே வந்து கவுண்டர்ல நின்னாலும் சரியானதை எடுத்துக் குடுக்க முடியாது.

என் வண்டி 1489 டீசல். இன்ஜின் மாத்தாதது. அதை டைரியில எழுதி எடுத்துக்கிட்டுத்தான் கடைக்குப் போனேன். உள்ளூர்ல ஒரு கடை. பேர் வேண்டாம்.

"அம்பாசிடர் டீசல்தானேண்ணே? இந்தாங்க."

"தம்பி, இது 1489-க்கா, இசுசுவுக்கா?"

"எல்லாம் ஒண்ணுதாண்ணே. நாலு வண்டிக்குக் குடுத்திருக்கேன்."

பெட்டியைப் பார்த்தேன். ‘அம்பாசிடர் டீசல்’னு மட்டும் அச்சடிச்சிருக்கு. இன்ஜின் பேர் இல்லை, சி.சி. இல்லை, அளவு இல்லை. சாமானை வெளிய எடுத்து, நான் கழட்டிக் கொண்டு போன பழைய பம்பு மேல கவுத்து வெச்சேன். ஓட்டைக்கு ஓட்டை சேரவே இல்லை. அமைப்பே வேற. அதுக்கும் அந்தத் தம்பி அசரலை. "ஓட்டையை லேசா ராவிக்கிட்டா உக்காந்துடும்ணே." ஓட்டையை ராவி உக்கார வைக்க இது என்ன மாட்டுக் கொட்டாய்க் கதவா?

அடுத்து திருச்சி. பஸ் ஏறிப் போனேன். பெரிய கடை, கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கு. அதுலயும் ‘அம்பாசிடர்’னு தட்டினா மூணு நாலு பம்பு வருது, எது எதுக்குன்னு அந்த ஆளுக்கே தெரியலை. ஒண்ணு எடுத்தாங்க. ஓட்டை எல்லாம் சேருது. எனக்கே சந்தோசம். அப்புறம் ஸ்கேலை வெச்சு, கேஸ்கெட் உக்கார்ற முகத்துல இருந்து கப்பி உக்கார்ற முகம் வரைக்கும் அளந்தேன். என்னுதைவிட ஒரு விரற்கடை நீளம். அவ்வளவுதானேன்னு தோணும். அந்த ஒரு விரற்கடையில ஃபேன் ரேடியேட்டர் பக்கம் நெருங்கிடும், கப்பி நேர்கோட்டுல நிக்காது, பெல்ட் ஒரு பக்கமா இழுபட்டு ஓரம் பிஞ்சு போகும், பெல்ட் கோணலா இழுக்கிற இழுவையில புது பேரிங்கும் சீக்கிரம் போகும். வாங்காம திரும்பிட்டேன். "சும்மா எடுத்துட்டுப் போங்க சார், எங்க மெக்கானிக்குங்க வாசர் போட்டு அட்ஜஸ்ட் பண்ணிடுவாங்க"ன்னு பின்னாடியே குரல் வருது.

மூணாவது, பையன் செல்போன்ல ஆர்டர் போட்டது. படத்துல ஒரு பம்பு. வீட்டுக்கு வந்தது வேற பம்பு. விளக்கத்துல ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’னு போட்டிருக்கு. எல்லா மாடலுக்கும் பொருந்துறது தண்ணி மட்டும்தான், பம்பு கிடையாது. திருப்பி அனுப்பி காசு வர்றதுக்குள்ள வெங்காயம் ஒரு களை எடுத்தாச்சு.

பம்பு தப்பா இருந்தா மாட்டவே முடியாதுன்னா பரவாயில்லை. தப்பான பம்பு மாட்டிக்குதே, அதுதான் ஆபத்து. முகம் சரியா உக்காரலைன்னு கேஸ்கெட்டை ரெண்டா மூணா அடுக்கிப் போடுவாங்க. ஒழுகாது. ஆனா உள்ள இறக்கைச் சக்கரத்துக்கும் பம்பு உடம்புக்கும் இருக்க வேண்டிய இடைவெளி கூடிடும். கிணத்து மோட்டார்ல இம்பெல்லர் தேஞ்சா மோட்டார் கத்தும், தண்ணி மட்டும் வராது பாருங்க, அதே கதை. இன்னொண்ணு, புதுக் கால இன்ஜின்கள்ல பெல்ட்டோட முதுகுப் பக்கம் பட்டுச் சுத்துற பம்பு உண்டு. அதுக்குச் சுத்து எதிர்ப்பக்கம், இறக்கையோட வளைவும் எதிர்ப்பக்கம். வெளிய பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும். மாத்தி மாட்டினா சுத்தும், ஒழுகாது, சத்தமும் வராது, தண்ணியை மட்டும் ஒழுங்கா தள்ளாது. சமவெளியில மெதுவா ஓட்டுற வரைக்கும் தெரியாது. ஆறு பேரை ஏத்திக்கிட்டு பச்சமலை ஏறும்போது கொதிக்கும். கேஸ்கெட் வெடிக்கும், ஹெட்டு வளையும். அப்ப என்ன சொல்வாங்க? "பழைய வண்டிண்ணே, அப்படித்தான்."

இதை நான் சும்மா விட மாட்டேன். ஏன்னா, பழசுக்குச் சரியான சாமான் கொடுக்கிறது முடியாத காரியம்னா, எங்க ஊரு விவசாயி எவனும் விவசாயம் பண்ண முடியாது. என் கிணத்து மோட்டார் என் கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அப்பா வாங்கினது. கோயம்புத்தூர்ச் சரக்கு. அதோட நெஞ்சுல ஒரு தகடு அடிச்சிருக்கு. எத்தனை ஹெச்.பி., எத்தனை சுற்று, எத்தனை மீட்டர் தூக்கும், எவ்வளவு தண்ணி தள்ளும், உள்குழாய் வெளிக்குழாய் எத்தனை மில்லிமீட்டர், எல்லாம் அதுல இருக்கு. அந்தத் தகட்டைப் படம் எடுத்துக்கிட்டுப் போனா பெரம்பலூர்லயே இம்பெல்லர், புஷ், சீல் எடுத்துக் குடுக்கிறான். போர்வெல் மோட்டாருக்கு குழி எத்தனை அங்குலம், எத்தனை ஸ்டேஜ்னு கேக்கிறான். நாலாவது படிச்ச ஆளுக்கும் இது தெரியும். யாரும் ‘விவசாயி மோட்டார் ஒண்ணு குடுங்க’ன்னு கேக்கிறதில்லை, கேட்டா கடைக்காரன் சிரிப்பான்.

பேரிங்கை எடுத்துக்குங்க. 6203-ன்னு கேட்டா உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ., அகலம் 12 மி.மீ. அரியலூர்ல வாங்கினாலும் அதே அளவு, ஜப்பான்ல வாங்கினாலும் அதே அளவு. மாவு மில்லு பெல்ட்டு, கார் பெல்ட்டு எல்லாத்துக்கும் எண் இருக்கு. ஏ-38-ன்னா உள்சுற்று 38 அங்குலம். செஞ்ச கம்பெனி செத்துப் போனாலும் எண் சாகாது. அப்படி ஒரு எண்ணை வாட்டர் பம்ப் பெட்டி மேல அடிக்க என்ன செலவாகும்? மை செலவுதான். ஆனா எண் அடிச்சா ‘எல்லாம் ஒண்ணுதாண்ணே’ன்னு சொல்லி விக்க முடியாது, திருப்பி எடுக்க வேண்டி வரும். அதனால அடிக்கிறதில்லை. நான் சொல்றது கசப்பா இருக்கலாம், ஆனா இதைத் தவிர வேற காரணம் எனக்குத் தெரியலை.

இங்கிலாந்துல இதே பி.எம்.சி. பி வரிசை இன்ஜின் போட்ட வண்டிங்க இருக்கு. எம்.ஜி.பி.ன்னு ஒரு சின்ன ரெண்டு கதவு வண்டி, அறுபதுகள்ல வந்தது. அதுலயும் இதே சிக்கல்தான். இன்ஜினோட காலத்தைப் பொறுத்து பம்போட மூக்கு நீளம் மாறும். ஆனா அங்க ஜி.டபிள்யூ.பி.ன்னு ஆரம்பிக்கிற எண் ஒண்ணு இருக்கு, இந்த இன்ஜின் எண்ல இருந்து இந்த எண் வரைக்கும் இந்தப் பம்புன்னு எழுதியே விக்கிறாங்க. பி.எம்.சி. கம்பெனி ஒழிஞ்சு போய் ஒரு தலைமுறைக்கு மேல ஆச்சு. எண் இன்னும் வேலை செய்யுது. அங்க அது பணக்காரங்க ஞாயித்துக்கிழமை ஓட்டுற விளையாட்டு வண்டி. இங்க அதே இன்ஜின் வெங்காய மூட்டை தூக்குது. அவங்களுக்கு எண் கிடைக்குது, எனக்கு ராவுற அரம் கிடைக்குது.

சட்டம் இல்லாமலா இருக்கு? 2014 ஆகஸ்ட்ல போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. எதுக்கு? ஸ்பேர் பார்ட்ஸையும், ரிப்பேர் விவரங்களையும் வெளிச் சந்தையில விடாம தங்களோட டீலர்களுக்குள்ளேயே பூட்டி வெச்சதுக்கு. அந்த 14 பேர்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் ஒண்ணு. பாருங்க, அதே வருசம் மே மாசம் அம்பாசிடர் உற்பத்தி நின்னுச்சு, ஆகஸ்ட்ல தீர்ப்பு வந்துச்சு. வழக்கு மேல்முறையீடு அது இதுன்னு இழுத்துக்கிட்டே போச்சு. அப்புறம் 2022 டிசம்பர்ல மத்திய அரசு ‘பழுது பார்க்கும் உரிமை’ன்னு ஒரு இணையதளம் திறந்துச்சு. செல்போன், வீட்டுச் சாமான், மோட்டார் வாகனம், விவசாயக் கருவி எல்லாத்துக்கும் பழுது விவரம் ஒரே இடத்துல கிடைக்கணும்னு நோக்கம். நல்ல நோக்கம், கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா உசுரோட இருக்கிற கம்பெனி தன் விவரத்தைப் போடும். நின்னு போன வண்டிக்கு யார் போடுவாங்க? 2017-ல அம்பாசிடர்ங்கிற பேரையே 80 கோடிக்கு பிரான்ஸ் நாட்டு பெஜோ கம்பெனிக்கு வித்துட்டாங்க. பேருக்கு 80 கோடி. அந்தப் பேர் போட்ட வண்டியில எந்த இன்ஜினுக்கு எந்தப் பம்புங்கிற பட்டியலுக்கு யாரும் எட்டணா குடுக்கலை. என் கேள்வி இதுதான்: ஒரு மாடலை நிறுத்துற அன்னிக்கே அதோட பார்ட்ஸ் புத்தகத்தையும் அளவு வரைபடத்தையும் ஊருக்குப் பொதுவா விடணும்னு ஏன் சட்டம் போடக் கூடாது? செய்யவும் மாட்டான், செய்ய விடவும் மாட்டான்னா அந்த வரைபடம் யாருக்கு ஆகப் போகுது?

அரசு வேற பக்கத்துல சுறுசுறுப்பா இருக்கு. 2021-ல வாகனக் கழிவுக் கொள்கை வந்துச்சு. 2022 ஏப்ரல்ல இருந்து 15 வருசம் தாண்டின காருக்குப் பதிவு புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபாய்ல இருந்து 5,000 ரூபாய் ஆச்சு. டெல்லிப் பக்கம் இன்னும் மோசம், 10 வருசம் ஆன டீசல் வண்டி ஓடக் கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே சொல்லிடுச்சு. புகைக்குப் பயந்துதானே சொல்றாங்கன்னு நீங்க கேப்பீங்க. நியாயம். புகை விட்டா பிடிங்க, சோதனை போடுங்க, என் வண்டியையும் நிறுத்துங்க. ஆனா வயசைப் பார்த்து நிறுத்துறதும் புகையைப் பார்த்து நிறுத்துறதும் ஒண்ணா? சூடு சரியா நிக்காத இன்ஜின்தான் டீசலை அரைகுறையா எரிச்சு புகையைக் கக்கும். சரியான பம்பும் சரியான தெர்மோஸ்டாட்டும் இருந்தா பாதிப் பிரச்சினை வராது. அதைக் கிடைக்கச் செய்யாம, வயசாச்சுன்னு கட்டணத்தை மட்டும் ஏத்துறது என்ன நியாயம்?

தெர்மோஸ்டாட்னு சொன்னதும் ஞாபகம் வருது. இதைச் சொல்லாம போனா தூக்கம் வராது. எங்க பக்கத்துல எந்த வண்டி சூடானாலும் மெக்கானிக் முதல்ல செய்யுறது தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசுறது. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குண்ணே?" சுமார் 82 டிகிரி வாக்குல திறக்கிற ஒரு வால்வு அது. இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்குச் சீக்கிரம் வரட்டும்னு வெச்சது. கழட்டினா டீசல் இன்ஜின் குளிர்ந்தே ஓடும், எண்ணெய் கூடக் குடிக்கும், உள்ள தேயும். வியாதி பம்புல, வைத்தியம் தெர்மோஸ்டாட்டுக்கு.

பம்பு ஏன் போகுதுன்னும் யாரும் பேசறதில்லை. பெரம்பலூர் அரியலூர்க்காரங்களுக்கு இது தனிச் சோதனை. எங்க மண்ணுக்கு அடியில ஒரு காலத்துல கடல் இருந்துச்சு. அரியலூர்ப் பக்கம் நத்தை மாதிரி சுருண்ட கல்லு கிடக்கும், சாத்தனூர்ல மரமே கல்லாப் போய்ப் படுத்திருக்கு. அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக் கல்லைத்தான் சிமெண்ட் கம்பெனிங்க தோண்டி எடுக்கிறாங்க. அதே சுண்ணாம்பு போர்வெல் தண்ணியில கரைஞ்சு வருது. எங்க வீட்டு வெந்நீர்த் தவலையை வந்து பாருங்க, உள்ள வெள்ளையடிச்ச மாதிரி இருக்கும். அதே தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தினா என்ன ஆகும்? உள்ள பொரை கட்டும். சூடு வெளிய போகாது. உதிர்ந்து வர்ற தூள் சீலோட வழவழப்பான முகத்துல பட்டு அரம் மாதிரி தேய்க்கும். சீல் போகும். நான் புரட்டாசி ஐப்பசியில ஓட்டு மேல விழுற மழைத் தண்ணியை வடிகட்டி கேன்ல பிடிச்சு வெச்சுக்கிறேன். அதோட பாதிக்குப் பாதி கூலண்ட். கடையில பச்சைச் சாயம் கலந்த தண்ணியையும் கூலண்ட்னு விக்கிறாங்க, அது தனிக் கட்டுரைக்கு உள்ள சங்கதி.

சரி, பம்பு கடைசியில கிடைச்சுதா? புதுசா கிடைக்கலை. அரியலூர்ல ஒரு லேத் பட்டறை. வயசானவர். சிமெண்ட் லாரி வேலைதான் அவருக்குப் பிழைப்பு. பழைய பம்பை மேசை மேல வெச்சுட்டு வண்டி பேரையே அவர் கேக்கலை. அதைக் கவனிச்சீங்களா? பேரே கேக்கலை. வெர்னியரை எடுத்தார். பேரிங்கோட வெளிவிட்டம், தண்டு கனம், தண்டு நீளம், சீல் உக்கார்ற குழி, இறக்கைச் சக்கர விட்டம், எல்லாத்தையும் அளந்து சாக்பீஸ்ல மேசையிலயே எழுதினார். "பேரிங்கும் சீலும் அளவுக்கு வாங்கிட்டு வாப்பா, உடம்பு நல்ல வார்ப்பு, இன்னும் இருபது வருசம் தாங்கும்"னார். அளவைச் சொல்லித் திருச்சியிலயே பேரிங் கிடைச்சது, சீலும் கிடைச்சது. அதே திருச்சி! அம்பாசிடர்னு கேட்டப்ப கிடைக்காத சாமான், மில்லிமீட்டர்ல கேட்டப்ப அஞ்சு நிமிசத்துல வந்துச்சு. பழைய கப்பி முகத்தை இழுவைப் பூட்டு போட்டுக் கழட்டி, பேரிங்கை அழுத்தியில வெச்சு இறக்கி, சீல் போட்டு, இறக்கைச் சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவுல தகடு விட்டு இடைவெளி பார்த்து இறக்கினார். சுத்தியல் தொடவே இல்லை. வாங்கின கூலி, எனக்கு திருச்சிக்குப் போய் வந்த பஸ் செலவைவிடக் கொஞ்சம்தான் ஜாஸ்தி.

பழைய வண்டி வெச்சிருக்கிறவங்க, உங்க அப்பா நினைவா ஃபியட் பத்மினியோ மாருதி 800-ஓ ஷெட்டுல வெச்சிருக்கிற நகரத்து நண்பர்கள், பம்பு வாங்கக் கிளம்பினா வண்டி பேரை வாயில சொல்லாதீங்க. இன்ஜின் பிளாக்ல வெட்டியிருக்கிற எண்ணை துணியால துடைச்சுப் படம் எடுங்க. ஆர்.சி. புத்தகத்துல உள்ளதோட ஒத்துப் பாருங்க, ஒத்துப் போகலைன்னா பிளாக்ல இருக்கிறதுதான் உண்மை. பம்பு வார்ப்பு மேல எழுத்தோ எண்ணோ புடைச்சிருந்தா அதையும் எழுதிக்குங்க. பழைய பம்பைக் கழட்டி சாக்குப் பையில போட்டுக் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க, "படம் இருக்கு"ன்னு போகாதீங்க. வண்டியைக் கழட்ட முடியாத அவசரம்னா, தினசரிக் காலண்டர் அட்டையில கேஸ்கெட் அச்சு எடுத்து, மூக்கு நீளத்தை எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க. எந்தப் பக்கம் சுத்துதுன்னு அம்புக்குறி போட்டுக்குங்க. சென்னைக்காரங்களுக்கு ஜி.பி. ரோடு பக்கத்துலேயே இருக்கு, புதுப்பேட்டை இருக்கு. எங்களுக்கு இல்லாத வசதி. அங்கயும் பெட்டியைத் திறக்காம காசு குடுக்காதீங்க. ரெண்டையும் முகத்துக்கு முகம் ஒட்டி வெச்சுப் பாருங்க. கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், பில்லுல இன்ஜின் பேரையும் எழுதச் சொல்லுங்க. எழுதின பில்லுக்குத்தான் நாளைக்கு நுகர்வோர் ஆணையத்துல மதிப்பு.

இன்னொரு உதவி. உங்க தாத்தா யாராவது பொதுப்பணித் துறையிலயோ, மின்வாரியத்துலயோ, கலெக்டர் ஆபீஸ்லயோ டிரைவரா, மெக்கானிக்கா இருந்திருப்பார். அவர் வீட்டுப் பரண்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பார்ட்ஸ் புத்தகம், எண்ணெய்க் கறை பிடிச்சு, அட்டை கிழிஞ்சு கிடக்கும். வீட்டைக் காலி பண்ணும்போது அதைப் பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்குப் போட்டுடாதீங்க. தண்ணி பம்பு உள்ள பக்கத்தை முதல்ல படம் எடுத்து எனக்கு அனுப்புங்க. மத்த பக்கங்களை மெதுவா அனுப்பினா போதும். வெங்காயம் அறுவடைக்கு முன்னாடி கிடைச்சா ரொம்ப நல்லது.